பங்கு வளர்கிறதா? சீடர் வளர்கின்றனரா?



ஆண்டு முடிவு நெருங்கும்போது பங்குத் தந்தையர் அனைவரும் தவறாது செய்யும் பணி ஒன்று உண்டு. பதிவேடுகளை எடுத்து மேசைமேல் பரப்பிக் கணக்கெடுப்பதே அது. இவ்வாண்டு ஞானஸ்நானம் எத்தனை? புதுநன்மை வாங்கிய பிள்ளைகள் எத்தனை பேர்? உறுதிபூசுதல் பெற்றோர் எத்தனை பேர்? திருமணங்கள் எத்தனை? அடக்கங்கள் எத்தனை? இவற்றையெல்லாம் கூட்டி, உரிய படிவத்தில் நிரப்பி, ஆயர் இல்லத்துக்கு அனுப்பிவிட்டால் ஆண்டின் கடமை முடிந்தது என்ற நிம்மதி பிறக்கிறது. குருத்துவப் பணியில் தலை நரைத்துவிட்ட நாமும் இந்த நிம்மதியை ஆண்டுதோறும் அனுபவித்தவர்தாம்.

பதிவேடுகள் தேவையே. திருச்சபைச் சட்டம் அவற்றை வேண்டுகிறது. ஆயினும் அந்தப் படிவத்தில் ஒரு கேள்விக்கு மட்டும் கட்டம் இல்லை. 'இவ்வாண்டு உம்முடைய பங்கில் எத்தனை சீடர்கள் உருவாயினர்?' என்பதே அக்கேள்வி. அதனை யாரும் நம்மிடம் கேட்டதில்லை. நாமும் நம்மையே கேட்டுக்கொண்டதில்லை. நம்மைக் கேட்க வைத்தது கொட்டச்சேடு.

சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே அமைந்த ஊர் கொட்டச்சேடு. ஏற்காட்டுப் பக்கம் வந்தவர்கள் அறிவார்கள். ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் மாலை அப்பகுதித் தோட்டமொன்றின் லைன் வீட்டில் முதியவர் ஒருவர் இறந்துவிட்டார் என்று தொலைபேசியில் செய்தி வந்தது. புறப்பட்டோம். காற்றும் மழையும் கடுமையாயிருந்தன. பாதி வழியில் பெரிய மரமொன்று சாலையின் குறுக்கே விழுந்து கிடந்தது. திரும்பி வருவதைத் தவிர வேறு வழியில்லை. மறுநாள் முற்பகலில்தான் அவ்வீட்டை அடைய முடிந்தது.

இரவெல்லாம் குருவின்றி, ஜெபமின்றி அக்குடும்பம் தவித்திருக்கும் என்ற குற்ற உணர்வோடு வாசலில் இறங்கினோம். அங்கே கண்ட காட்சி வேறு. மழைக்குத் தார்ப்பாய் கட்டிய முற்றத்தில் நாற்பது பேருக்குக் குறையாமல் அமர்ந்திருந்தனர். அவர்களுள் பாதிப்பேர் நம் விசுவாசத்தைச் சேராத அண்டை வீட்டார். பள்ளிச் சீருடைச் சட்டையோடு சிறுமி ஒருத்தி, லாசர் உயிர்பெற்ற நிகழ்ச்சியை நற்செய்தி நூலிலிருந்து நிறுத்தி நிதானமாக வாசித்தாள். வாசித்து முடித்ததும், காப்பிப் பழம் பறிக்கும் அம்மா ஒருவர், நடுத்தர வயதினர், எழுந்து நின்று, அழுதுகொண்டிருந்த விதவைக்கு நேராகத் திரும்பிப் பேசினார். ஆண்டவரும் தம் நண்பனுடைய கல்லறையருகே அழுதார் என்றார். ஆகவே அழுவது தவறில்லை என்றார். அழுதவர் அத்தோடு நிற்கவில்லை, கல்லைப் புரட்டச் சொன்னார் என்றும், புரட்ட வேண்டிய கைகள் அக்கம்பக்கத்தாராகிய நம்முடையவை என்றும் சொல்லி, அவ்வீட்டுக்கு ஒரு மாதத்துக்கு யார் யார் எந்த நாளில் சோறு கொண்டுவருவது என்பதை அங்கேயே பேசி முடித்தார்.

நாம் பல ஆண்டுகள் குருமடத்தில் பயின்றவர். லாசரைப் பற்றி அடக்கப் பூசைகளில் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறோம். அன்று அந்த அம்மா செய்ததுபோல் வேதவாக்கியத்தை ஒரு வீட்டின் அடுப்பு வரையில் நாம் கொண்டு சேர்த்ததில்லை.

அடக்கம் முடிந்து இல்லம் திரும்பியதும் குடும்பப் பதிவேட்டைப் புரட்டினோம். அவருடைய குடும்பத்தின் பெயருக்கு நேராக, நம் சொந்தக் கையெழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது: 'பூசைக்கு ஒழுங்காக வருவதில்லை.' பறிப்புக் காலத்தில் ஞாயிறும் வேலையுண்டு என்பதையோ, குடும்பத்தோடு வந்து திரும்பப் பேருந்துக்கு ஆகும் செலவையோ நாம் விசாரித்ததில்லை. நம் பங்கின் மிகச் சிறந்த சீடரை, வராதவர் பட்டியலில் எழுதி வைத்திருந்தோம்!

சில நாட்கள் சென்று அவரிடம், "அம்மா, இதையெல்லாம் யாரிடம் கற்றீர்கள்?" என்று கேட்டோம். "எங்க பாட்டி காலத்துல உபதேசியார் தாத்தா ஒருத்தரு வாரத்துல ஒரு ராத்திரி வருவாராம் சாமி. விளக்க வச்சிக்கிட்டு வேதத்தச் சொல்லுவாராம். அவரு பாட்டிக்குச் சொன்னாரு, பாட்டி எனக்குச் சொல்லிச்சு, நான் இந்தப் புள்ளைங்களுக்குச் சொல்றேன். அவ்வளவுதான்" என்றார்.

அந்த 'அவ்வளவுதான்' நம் உறக்கத்தைக் கெடுத்தது. புனித பவுல் அடிகளார் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தில், தம்மிடம் கேட்டவற்றை நம்பத்தகுந்தவர்களிடம் ஒப்படைக்குமாறும், அவர்கள் பிறருக்குக் கற்பிக்குமாறும் பணிக்கிறார். பவுல், தீமோத்தேயு, நம்பத்தகுந்தவர், பிறர் என நான்கு தலைமுறைகள் ஒரே அறிவுரையில் அடங்கியுள்ளன. உபதேசியார், பாட்டி, அம்மா, பிள்ளைகள் என அதே நான்கு தலைமுறைகள் கொட்டச்சேட்டு லைன் வீட்டிலும் இருந்தன.

இதே நாட்களில் மற்றொரு சந்திப்பும் நேர்ந்தது. சிறுவயது முதல் நம் பீடத்தில் பூசை உதவி செய்து வளர்ந்த இளைஞன் ஒருவன், திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குச் சென்றவன், விடுமுறையில் வந்திருந்தான். அவனுடைய பெயர் நம் பதிவேடுகள் எல்லாவற்றிலும் குறைவற இருக்கிறது. பூசைக்குப் போவதில்லை என்று தாயார் வருந்தினார். கேட்டோம். "கூடத் தங்கியிருக்கிறவன் ஒருநாள், நீ எதுக்குடா கோவிலுக்குப் போறேன்னு கேட்டான் சாமி. எனக்குப் பதில் சொல்லத் தெரியல. அப்புறம் போறதையே விட்டுட்டேன்" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. நம்மைக் குறை கூறவும் இல்லை. ஆனால் பதில் தெரியாதவனாக அவனை அனுப்பி வைத்தவர் நாமல்லாமல் வேறு யார்? தேவதிரவிய அனுமானங்களை நாம் ஒன்றும் குறைவின்றி வழங்கினோம். ஆண்டவரோடு அமர்ந்து பேசும் பழக்கத்தை மட்டும் வழங்க மறந்தோம்.

ஆண்டவர் தம் அப்போஸ்தலர்களுக்கு விட்டுச்சென்ற கட்டளையை மத்தேயு நற்செய்தியின் கடைசி அதிகாரத்தில் காண்கிறோம். போவது, ஞானஸ்நானம் அளிப்பது, கற்பிப்பது, சீடராக்குவது என நான்கு செயல்கள் அங்கே கூறப்படுகின்றன. கிரேக்க மூலத்தில் ஏவலாக நிற்பது இவற்றுள் ஒன்றே, சீடராக்குவதே அது. நம் தமிழ் இலக்கணப்படி கூறினால், மற்ற மூன்றும் வினையெச்சங்களைப் போன்றவை, சீடராக்குவதே வினைமுற்று. வினைமுற்று இல்லாத வாக்கியத்துக்குப் பொருள் முடிவதில்லை. நம் பங்குகள் பலவற்றில் எச்சங்கள் நிறைந்திருக்கின்றன, முற்று எங்கே?

இது நம் மண்ணுக்குப் புதிய பாடம் அன்று. 1606ஆம் ஆண்டு மதுரைக்கு வந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி சுவாமிகள், 1623இல் சேந்தமங்கலம், சேலம் ஆகிய இடங்களுக்குப் பயணம் மேற்கொண்டார் என்பதை நம் மறைமாவட்டத்தார் பெருமையோடு நினைவுகூர்வதுண்டு. பரந்த அந்த மதுரை மிஷனில் குருக்கள் மிகச் சிலரே. ஒரு கிராமம் குருவை ஆண்டுக்கு ஒருமுறை கண்டாலே பெரிது. அவ்வாறாயின் விசுவாசத்தை வளர்த்தவர் யார்? உபதேசிமாரே. ஜெபம் கற்பித்தவரும், நோயாளியைத் தேற்றியவரும், சாகும் தறுவாயில் இருந்தோருக்கு அருகிருந்தவரும் அவர்களே. வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் 'வேதியர் ஒழுக்கம்' என்ற நூலை இயற்றியது இவர்களுக்காகவே. சீடரை உருவாக்குவோருக்குத் தனி நூல் வேண்டும் என்று அப்பெருமகனார் கருதினார்; அவர்களுடைய பேச்சைவிட ஒழுக்கத்தை நூலின் பெயராக்கினார்.

புனித தேவசகாயம் பிள்ளையை எண்ணிப் பாருங்கள். 1741இல் குளச்சல் போரில் தோற்றுச் சிறைப்பட்ட தெ லானோய் என்ற படைத்தலைவர், பின்னர் திருவிதாங்கூர் அரசில் பணியேற்றார். அரசு அலுவலரான நீலகண்ட பிள்ளை துயரத்தால் மனமுடைந்திருந்தபோது, யோபுவின் வரலாற்றை எடுத்துக் கூறித் தேற்றியவர் அவரே என்பது நம் மரபு. தெ லானோய் குருவும் அல்லர், துறவியும் அல்லர், ஒரு போர்வீரர். அலுவலகத் தோழமையில் பிறந்த உரையாடல், 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானமாகவும், 1752இல் காற்றாடி மலையில் இரத்த சாட்சியாகவும் முற்றியது. 2022 மே 15 அன்று அவர் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்டார். பொதுநிலையினர் ஒருவர் வழியாக உருவான பொதுநிலைச் சீடர் அவர் என்பதை நம் பிரசங்கங்களில் நாம் போதிய அளவு சொல்வதில்லை.

பின்னர் காலம் மாறிற்று. குருக்களின் எண்ணிக்கை பெருகியது. பள்ளிகள் எழுந்தன. 1930இல் நம் சேலம் மறைமாவட்டம் உருவாயிற்று. சாலைகள் வந்தன. இவையெல்லாம் இறைவனின் கொடைகளே. ஆனால் குரு அருகில் வந்தபோது உபதேசியார் மெல்ல விலகினார். விசுவாசிகள் கொடுப்போர் என்ற நிலையிலிருந்து வாங்குவோர் என்ற நிலைக்கு வந்தனர். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் பொதுநிலையினரின் அப்போஸ்தலத் தொண்டு பற்றிய ஏட்டினை வெளியிட்டது. வயது வந்தோரைப் படிப்படியாக விசுவாசத்தில் புகுத்தும் பண்டைய முறையை 1972இல் திருச்சபை மீண்டும் வழிபாட்டில் சேர்த்தது. தமிழகத்தில் அன்பியங்கள் தோன்றின. திருத்தந்தை பிரான்சிஸ் 2013இல் ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வொருவரும் மறைபரப்புச் சீடரே என்று நினைவூட்டினார். 2021 மே மாதத்தில் உபதேசியார் பணியை நிலையான திருப்பணியாகவே ஏற்படுத்தினார். ஏடுகள் வந்துவிட்டன, ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவ வேண்டுமே! அதுவன்றோ பங்குத் தந்தையின் பொறுப்பு?

நாம் செய்ய முயன்றதைச் சுருக்கமாகச் சொல்கிறோம். புதுநன்மைக்குப் பிள்ளைகளை மட்டும் ஆயத்தம் செய்யும் வழக்கத்தை விட்டு, பெற்றோரும் உடன் அமர்ந்து கற்க வேண்டும் என்றோம். ஒவ்வொரு அன்பியத்திலிருந்தும் இருவரைத் தெரிந்து, மாதம் ஒரு சனிக்கிழமை மாலையை அவர்களோடு மட்டும் செலவிட்டோம். நற்செய்திப் பகுதி ஒன்றை வாசிப்பது, அமைதியில் காத்திருப்பது, தம் வாழ்வில் அது தொடுமிடத்தைச் சொல்வது, ஒரு செயலைத் தீர்மானிப்பது, அடுத்த மாதம் அச்செயல் என்னவாயிற்று என்று கேட்பது. இதுவே முழுப் பாடத்திட்டம். அவர்கள் ஒவ்வொருவரும் தம் அன்பியத்தில் மேலும் இருவருக்கு இதே துணையைச் செய்ய வேண்டும். கொட்டச்சேட்டு அம்மா இக்குழுவின் முதல் உறுப்பினரானார்.

எளிதாக நடந்தது என்று எண்ணிவிடாதீர்கள். "சாமியார் தம் வேலையை எங்கள் தலையில் கட்டுகிறார்" என்று சிலர் பேசினர். பெற்றோர் வகுப்புக்கு வரமறுத்த வீட்டுப் பிள்ளையின் புதுநன்மையை ஓராண்டு தள்ளிவைத்தபோது, "கோவில் வரி தவறாமல் கட்டுகிற எங்களுக்கா இது?" என்று அக்குடும்பத்தார் சினந்து, பல மாதம் நம்மோடு பேசவில்லை. பிள்ளையைத் தண்டித்துவிட்டோமோ என்ற உறுத்தல் இன்றும் நமக்கு உண்டு. மறுபடி அப்படி நேர்ந்தால், தள்ளிவைக்குமுன் நாமே அவ்வீட்டுக்குப் பலமுறை நடப்போம்.

அன்பியக் கூட்டம் ஒன்று கூலி, குடி, கடன் ஆகியவற்றைப் பற்றிய சண்டையில் முடிந்தது. வேதம் வாசிக்கக் கூடியவர்கள் உலக விஷயம் பேசுகிறார்களே என்று கூட்டத்தையே நிறுத்திவிட எண்ணினோம். நல்லவேளை, நிறுத்தவில்லை. அடுத்த மாதம் சக்கேயுவின் நிகழ்ச்சி வாசிக்கப்பட்டது. வட்டிக்குப் பணம் கொடுத்து வந்த ஒருவர், அடகாகத் தம்மிடம் வைத்திருந்த குடும்ப அட்டைகளை அன்றிரவே உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்தார். அவர் பெயர் எதற்கும் நாம் எந்தப் பதிவேட்டிலும் குறிக்கவில்லை. குறிக்கக் கட்டமும் இல்லை.

எல்லாவற்றிலும் கடினமான மாற்றம் நமக்குள்தான் நிகழ வேண்டியிருந்தது. கொட்டச்சேட்டில் ஒரு மாலை, நல்ல சமாரியன் உவமையை விளக்கிய ஒருவர், காயமுற்றவனே சமாரியன் என்று தவறாகக் கூறினார். திருத்திவிட நம் நாக்கு துடித்தது. வாய் திறந்திருந்தால் அன்றைய கூட்டம் நம் பிரசங்கமாகியிருக்கும். அவர் மீண்டும் பேசியிருக்க மாட்டார். அடக்கிக்கொண்டோம். சற்று நேரத்தில் முன்னர் லாசர் பகுதியை வாசித்த அதே சிறுமி, "மாமா, இங்க வேற மாதிரி போட்டிருக்கு" என்று நூலைக் காட்டினாள். அவரும் சிரித்துக்கொண்டே திருத்திக்கொண்டார். அந்த ஐந்து நிமிட மௌனம், நம் குருவாழ்வின் நீண்ட பிரசங்கங்களைவிட அதிகம் கற்பித்தது. நமக்கும்தான்.

சேர்வராயன் மலைக்குக் காப்பிப் பயிர் 1820களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை காலத்தில் வந்தது என்பர். அப்பயிரை வளர்ப்போரைக் கேளுங்கள். விதையை மேடைப் பாத்தியில் இடுவார்கள். முளைத்த நாற்றைப் பையில் மாற்றிப் பந்தல் நிழலில் காப்பார்கள். மழை தொடங்கியபின் தோட்டத்தில் நடுவார்கள். பிறகும் மூன்று நான்கு ஆண்டுகள் காத்திருந்தால்தான் பழம். நட்ட மறுநாள் யாரும் கூடையைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. ஆதித் திருச்சபையும் ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாவோரை மூன்றாண்டு காலம் வேதம் கேட்கச் செய்ததாகப் பண்டைய ஏடு ஒன்று கூறுகிறது. ஆண்டவரும் பன்னிருவரைத் தம்மோடு நடக்கவைத்து, உண்ணவைத்து, தவறவைத்து, திருத்தி உருவாக்கினார். ஒருநாள் தியானத்தாலும் ஒருமணி வகுப்பாலும் சீடர் உருவாவர் என்று நாம் எதிர்பார்ப்பது எவ்வகையில் நியாயம்?

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. சீடரை உருவாக்குவது என்றதும் ஆள் சேர்ப்பது என்று எவரும் பொருள் கொள்ள வேண்டா. அந்தத் தார்ப்பாயின் கீழே அமர்ந்திருந்த பிற சமயச் சகோதரர்களை யாரும் எதற்கும் அழைக்கவில்லை. துக்க வீட்டுக்குச் சோறு கொண்டுவரும் முறையில் அவர்களும் தாமாகவே பங்கெடுத்தனர். முதலில் சீடராக வேண்டியவர்கள் ஞானஸ்நானம் பெற்ற நாமே; குருக்களாகிய நாம் அவர்களுள் முதல்வர்.

அன்புக் குடும்பங்களே, இம்மாதம் உங்களிடம் நாம் வேண்டுவது சிறிது. வாரத்தில் ஒரு மாலை தொலைக்காட்சியையும் கைபேசியையும் அணைத்துவிட்டு, வரும் ஞாயிறு நற்செய்தியை வீட்டிலுள்ள இளையவரைக் கொண்டு வாசிக்கச் சொல்லுங்கள். "இது நம் வீட்டுக்கு என்ன சொல்கிறது?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பிள்ளை தவறாகச் சொன்னால் அவசரப்பட்டுத் திருத்தாதீர்கள். தீர்மானித்த ஒரு செயலை அடுத்த வாரம் நினைவூட்டுங்கள். 'நீ எதற்குக் கோவிலுக்குப் போகிறாய்?' என்ற கேள்வி திருப்பூரிலோ பெங்களூரிலோ அவனுக்காகக் காத்திருக்கிறது. பதிலை நம் வீட்டுத் திண்ணையிலேயே அவன் கண்டுகொள்ளட்டும்.

இம்முயற்சியால் நம் பங்கின் ஆண்டுக் கணக்கு உயர்ந்துவிடவில்லை. ஞாயிறு கூட்டமும் பெருகவில்லை. அந்தத் திருப்பூர் இளைஞன் இன்னும் திரும்பி வரவில்லை. எப்போதாவது தொலைபேசியில் பேசுகிறான், நாமும் பேசுகிறோம். நமக்கும் மாற்றல் கடிதம் வரும் நாள் தொலைவில் இல்லை. குருக்கள் வருவர், போவர். நாம் பூசிய வெள்ளையும் கட்டிய கெபியும் சில மழைக்காலங்களில் மங்கிவிடும். நம்மோடு அமர்ந்து வேதம் கேட்டவர்கள் வேறு இருவரோடு அமர்வார்களாயின், அது மட்டும் நிற்கும்.

கொட்டச்சேட்டுக்கு விளக்கெடுத்து வந்த அந்த உபதேசியாரின் பெயரை அறிய விரும்பிப் பழைய பதிவேடுகளை எல்லாம் தேடினோம். கிடைக்கவில்லை. அந்த அம்மாவுக்கும் அவர் 'உபதேசியார் தாத்தா' மட்டுமே. ஆயினும் அவர் ஏற்றிய விளக்கு, புயல் மழையில் குரு வரமுடியாத இரவில் ஒரு வீட்டுக்கு ஒளி தந்தது. அவருடைய பெயர் எழுதப்பட்டிருக்கும் பதிவேடு ஆண்டவரிடம் இருக்கிறது.

அப்பதிவேட்டில் நம் ஒவ்வொருவர் பெயரும் இடம்பெற இறைவன் அருள்வாராக! அவருடைய ஆசீர் உங்கள் இல்லங்களில் என்றும் தங்குவதாக!